சிற்றேரிக் கரைகளும் அவற்றின் இடர்வகுப்பும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயில்வோர் ஏரிக்கரையைப் பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். அஃது எஞ்சினீயர்மாரின் பொருள் அன்றோ என்பர். யாம் இப்பொருளைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் புறநானூறே. பறம்பிற்கோமான் பாரி மாய்ந்தபின், அவனது மலைநாட்டிலே வளைந்த கரையினையுடைய சிறிய குளம் ஒன்று உடைந்து பாழாவதைக் கபிலர் 118ஆம் பாட்டிலே கூறுகின்றார். பாடங்கேட்ட அன்று, இஃது அவலச்சுவை மிக்கது என்ற அளவில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பின்னர் எண்ணிப் பார்த்தபொழுதுதான் அப்பாட்டினுள் ஒரு வினா மறைந்து கிடத்தல் புலனாயிற்று. உடையவன் இறந்தால் குளம் ஏன் உடைதல் வேண்டும்? நீரும் மண்ணும் பாரியை அறியா. கரையைச் சுற்றி வந்து பார்த்து, எலிவளையை அடைத்து, மிகுந்த நீருக்கு வழிவிடுவார் ஒருவர் இருந்தவரையில் குளம் நின்றது. அவர் நீங்கவே உடைந்தது. இவ்வாறே அகநானூற்றின் 252ஆம் பாட்டிலே, மகளைக் காக்கும் தாயின் உறங்காமைக்கு உவமையாகக் குளங்காக்கும் காவலன் வருகின்றான். இரவெல்லாம் விழித்திருந்து குளத்தைக் காப்பது அக்காலத்து ஒரு தொழில் என்பது அவ்வுவமையால் விளங்கும்.

கடலூர், சிதம்பரம் பகுதிகளிலே வாழும் நமக்கு இவை வெறும் ஏட்டுச்செய்திகள் அல்ல. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே கிடக்கும் வீராணம் ஏரி முதற் பராந்தக சோழன் காலத்தது; அவனுடைய வீரநாராயணன் என்ற விருதுப்பெயரே திரிந்து வீராணம் ஆயிற்று. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டிய பின்னர், அங்கிருந்து வடவாற்றின் வழியாக அதற்கு நீர் வருகின்றது. குறிஞ்சிப்பாடிப் புறத்தே பெருமாள் ஏரி உளது. திட்டக்குடிப் பக்கத்தில் 1923இல் கட்டி முடிந்த வெலிங்டன் நீர்த்தேக்கம் உளது; அதன் மண்கரை அமிழ்ந்தும் சரிந்தும் அரசினர்க்கு ஓயாத வேலை கொடுத்து வந்தமையை அப்பக்கத்து மாணவர் அறிவர். இவை பெரியன, அரசினர்க்கு உரியன. இவற்றைக் காக்க அதிகாரிகள் உளர். மழைக்காலத்திலே இவற்றின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகின்றது. இக்கட்டுரை கருதுவது இவற்றை அன்று. தோட்டக்காரர் ஒருவர் தம் நிலத்துப் பள்ளத்தை மறித்துப் போட்ட கரை, மீன் வளர்ப்போர் எழுப்பிய கரை, ஒரு நிலையமோ சங்கமோ தன் வளாகத்து நீர்த்தேவைக்கென அமைத்த கரை ஆகிய தனியார் கரைகளே எமது பொருள். அவற்றின் நீர்மட்டத்தை எச்செய்தித்தாளும் வெளியிடுவதில்லை.

முதற்கண், பலரும் ஒன்றாக மயங்கும் இரண்டு வினாக்களைப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். இக்கரை உறுதியாக உளதா என்பது ஒன்று. இக்கரை உடைந்தால் யார்க்கு என்ன நேரும் என்பது மற்றொன்று. முன்னதைக் காப்புநிலை என்போம். பின்னதை இடர் என்போம். இடர்வகுப்பு என்பது பின்னதைப் பற்றியது மாத்திரமே. நேற்றுக் கட்டிய, கீறல் ஒன்றும் இல்லாத கரையும் தன்கீழே ஒரு குடியிருப்பு இருக்குமாயின் உயர்ந்த இடர்வகுப்பைச் சேரும். நூறாண்டாகச் சிதைந்து, நரி புகும் வளைகளையுடைய கரையும் தன்கீழே வெறும் பொட்டல் இருக்குமாயின் தாழ்ந்த வகுப்பிலேயே நிற்கும். ஆகையால், ‘உம்முடைய கரை உயர்ந்த இடர்வகுப்பினது’ என்று கூறினால் உடையவர் சினம் கொள்ளவேண்டுவதில்லை. அவருடைய கரையை எவரும் இகழவில்லை. அவர் விழித்திருக்கவேண்டிய அளவையே அச்சொல் குறிக்கின்றது.

அமெரிக்க நாட்டில் வழங்கும் பகுப்பு மூன்று படியினது. உடைப்பினால் ஓர் உயிரேனும் போதல் கூடும் எனத் தோன்றுமாயின் அஃது உயர்ந்த வகுப்பு. எத்தனை உயிர் என்ற கணக்கு அங்கே இல்லை. உயிர்ச்சேதம் இராது, ஆயினும் பிறர் பொருளும் சாலையும் பிற வசதிகளும் அழியும் எனின் நடுவகுப்பு. அழிவது பெரும்பாலும் உடையவரது சொந்தப் பொருளே எனின் தாழ்ந்த வகுப்பு. இப்பகுப்பை யாம் மிகவும் மதிக்கின்றோம். தனியுடைமையின் எல்லை எதுவென்பதை அது சட்டநூலினும் தெளிவாகக் காட்டுகின்றது. ஒருவர் தம் நீரால் தம் நிலத்தை அழித்துக்கொள்வது அவர் பாடு. அந்நீர் வேலியைத் தாண்டும் கணத்திலே அது தனியார் செய்தியாக இராது. நம் நாட்டில் மத்திய நீர்வள ஆணையம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை நான்கு வகுப்புகளைக் கூறுகின்றது. அங்கும் அளவுகோல் உடைப்பின் விளைவே.

ஆனால் 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் எக்கரைகளைத் தன் ஆட்சிக்கு உட்படுத்துகின்றது என்று பார்த்தால் அங்கே அளவுகோல் வேறு. 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையன யாவும் உட்படும். 10 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் இடைப்பட்டன, கரைநீளம் 500 மீட்டருக்குக் குறையாமலோ, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமலோ, வெள்ளப்போக்கு வினாடிக்கு 2,000 கன மீட்டருக்குக் குறையாமலோ இருந்தால் உட்படும். அடித்தளத்தில் தனிப்பட்ட இடர்ப்பாடோ அமைப்பில் புதுமையோ இருந்தாலும் உட்படும். 10 மீட்டருக்குக் குறைந்தன உட்படா. உடையவர் அரசினராயினும் தனியாராயினும் சட்டம் ஒன்றே, அது நன்று. எனினும், கீழே எத்தனை பேர் இருக்கின்றனர் என்னும் வினா கரை அந்தப் பட்டியலுள் நுழைந்த பின்னரே எழுகின்றது, நுழைவாயிலில் எழவில்லை.

இதனால் விளையும் குறை யாது என்பதைக் காட்ட, எம்மை மிகவும் வருத்திய நிகழ்ச்சி ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். அதுவும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாறே.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டக்கோவா என்னும் ஊருக்கு அருகே 186 அடி உயரத்தினின்று வீழும் அருவி ஒன்று உளது. அவ்வருவிக்கு மேலே, ஓடையை மறித்து 1899ஆம் ஆண்டளவில் மின்விசைக்காகக் கல்லும் மரச்சட்டமும் கொண்ட சிற்றணை ஒன்றைக் கட்டினர். பின்னர் அருவியின் கீழிருந்த வேதாகமக் கல்லூரி அதனைத் தன்னுடைமையாக்கிக்கொண்டு, 1937இல் அதன்மேல் மண்ணைக் கொட்டிக் கரையாக்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேலும் உயர்த்தியது. கெல்லி பார்ன்ஸ் அணை என்பது அதன் பெயர். உயரம் ஏறக்குறைய 40 அடி. நீளம் 400 அடி. ஏரியின் பரப்பு 40 ஏக்கர். 1957இல் மின்னாக்கம் நின்றது. அதன்பின் ஏரிக்கு வேலையில்லை. மீன்பிடித்தற்கும் பொழுதுபோக்கிற்கும் கண்ணுக்கு அழகாகவும் கிடந்தது. கரையின் வெளிச்சரிவு மிகச் செங்குத்து; அதன்மேல் மரங்கள் வளர்ந்து நின்றன. 1973இலேயே அச்சரிவின் ஒரு பகுதி சரிந்திருந்தது என்பது ஒரு நிழற்படத்தால் பிற்பாடு வெளிப்பட்டது. 1977 நவம்பர் 6ஆம் நாள், சில நாள் மழைக்குப் பின், நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணியளவில் கரை உடைந்தது. அருவியின் கீழே உறங்கிக்கொண்டிருந்த மாணவர், ஆசிரியர், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோருள் 39 பேர் இறந்தனர். அவருள் குழந்தைகள் பலர்.

ஆராய்ந்த குழுவினர் இதுவே காரணம் என ஒன்றைச் சுட்டவில்லை. செங்குத்தான வெளிச்சரிவு சரிந்தமையும், உள்ளே நீர் ஊறிக் கரையைத் தளர்த்தியமையும் சேர்ந்து நிகழ்ந்தன என்பதே அவர்கள் கருத்து. அமெரிக்க அரசில் தனியார் அணைகளைச் சோதிப்பதற்கான சட்டம் 1972இலேயே நிறைவேறியிருந்தது. நிதி ஒதுக்கப்படாமையால் ஏட்டளவில் கிடந்தது. டக்கோவாவின் இழவுக்குப் பின்னரே ஜனாதிபதி கார்ட்டர் ஆணையிட, 1981 வரையில் உயர்ந்த இடர்வகுப்பைச் சேர்ந்த ஏறக்குறைய 9,000 அணைகளைப் படைத்துறைப் பொறியாளர் சோதித்தனர். அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு காப்பற்றவை எனக் கண்டனர்.

உடைந்தபொழுது அவ்வேரியில் இருந்த நீர் 630 ஏக்கர்-அடி என்று கணித்துள்ளனர். நம் நாட்டு அளவையில் அது 2 கோடியே 74 லட்சம் கன அடி. வீராணத்தின் கொள்ளளவு 146 கோடியே 50 லட்சம் கன அடி. எனவே 39 உயிரைக் கொண்ட நீர் வீராணத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இனி, மேலே கூறிய நம் சட்டத்தின் அளவுகோலை அவ்வணைக்கு இட்டுப் பாருங்கள். உயரம் 12 மீட்டர் அளவினது. ஆகவே இடைப்பட்ட வகை. நீளம் 500 மீட்டர் வேண்டும். இருந்தது 120 மீட்டர் அளவே. கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் வேண்டும். இருந்தது 8 லட்சத்துக்கும் குறைவு. உடைப்பின் உச்சப் பெருக்கையே எடுத்துக்கொண்டாலும் வினாடிக்கு 24,000 கன அடி, அதாவது 700 கன மீட்டருக்கும் உட்பட்டதே. அடித்தளம், அமைப்பு என்னும் விதிவிலக்குகளை யாரேனும் எடுத்துக்காட்டினாலன்றி அவ்வணை பட்டியலிலே சேர்ந்திராது.

இவ்வளவு சிறிய நீர் இவ்வளவு பெருந்தீங்கு செய்தது எவ்வாறு? நிலத்தின் கிடப்பினால். குறுகிய பள்ளத்தாக்கிலே, செங்குத்தான வீழ்ச்சியின் கீழே, ஒரு மைல் தூரமும் இல்லாத இடத்திலே வீடுகள் இருந்தன. நீருக்குப் பரந்து செல்ல இடமில்லை. உறங்கினோர்க்கு எழுந்து ஓட நேரமில்லை. வீராணத்தின் கிழக்கே உள்ள நிலமோ கடல்வரை தட்டையானது. அங்கே உடைப்பு நேர்ந்தால் நீர் வயல்வயலாகப் பரவும். ஆழம் குறைந்துகொண்டே போகும். தொலைவில் உள்ள ஊர்க்கு நேரமும் கிடைக்கும். பயிரும் மண்சுவர் வீடும் கால்நடையும் அழியும். பல நாள் நீர் வடியாது. கரையின் அடியிலேயே குடிசை போட்டுக்கொண்டவர்க்கு மாத்திரம் டக்கோவாவில் கிடைத்த நேரம்கூடக் கிடைக்காது. ஆதலின் ஒரே ஏரிக்கும் கரையினின்று விலகும் ஒவ்வொரு மைலுக்கும் இடர் வேறாகின்றது. கொள்ளளவு மாத்திரம் கேட்டு வகுப்பிடுவோர் இதனைக் காணார்.

பயிற்சிக்காக இரண்டு கரைகளைக் கற்பித்துக்கொள்வோம். இரண்டும் ஐந்து ஏக்கர்ப் பரப்பின. சராசரி எட்டடி ஆழத்தின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 17 லட்சம் கன அடி நீர் கொள்ளும். நிறுத்துப் பார்த்தால் 49,000 டன். ஒன்று புவனகிரிப் பக்கத்து நெல்வயலின் நடுவில் உளது. சுற்றிலும் அரைமைல் தூரத்துக்கு வீடில்லை. மற்றது பண்ருட்டிக்கு அப்பால் முந்திரிக்காட்டுச் செம்மண் மேட்டில், மழைநீர் அரித்த ஓடை ஒன்றை மறித்து எழுப்பியது. ஓடையின் கீழ்க்கோடியில், மேட்டுநிலம் முடியும் இடத்தில், பன்னிரண்டு வீடுகள். முதற்கரை உடைந்தால் உடையவரது பயிரும் அண்டை வயலின் வரப்பும் போகும். அது தாழ்ந்த வகுப்பு, அல்லது சாலை ஒன்று குறுக்கிட்டால் நடுவகுப்பு. இரண்டாவது கரை ஐயமின்றி உயர்ந்த வகுப்பு. மண் ஒன்றே, உயரம் ஒன்றே, நீர் ஒன்றே. அப்பக்கத்து மேட்டுநிலத்து நீர் எவ்வளவு விரைவாக வீடுகளின்மேல் பாயும் என்பதை 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்து மக்கள் கண்டனர். அங்கே உடைந்தது அணை அன்று, பெருமழை ஓடைவழிப் புரண்டது. அதுவே உயிர்களைக் கொண்டது.

மேலும் ஒன்று: வகுப்பு என்றும் நிலைத்திருப்பதன்று. புவனகிரிக் கரையின்கீழ் உள்ள வயலை மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டால், கரையில் ஒரு கூடை மண்ணும் மாறாமலே அஃது உயர்ந்த வகுப்பை அடைந்துவிடும். உடையவர்க்கு இஃது அநீதியாகத் தோன்றும். ‘யான் முன்னரே இருந்தேன், அவர் பின்னர் வந்தனர்’ என்பார். நியாயமே. ஆயினும் நீர் முன்பின் பாராது.

கரைகள் எவ்வாறு உடைகின்றன என்பதை இனிச் சுருங்கச் சொல்வோம். உலகில் உடைந்த மண்ணணைகளில் மிகப் பெரும்பான்மையன இரண்டு வழியால் உடைந்தன. நீர் கரையின் மேலேறி வழிதல் ஒன்று. கரையின் உள்ளே புழையிட்டு ஓடுதல் மற்றொன்று. கல்லணையின்மேல் நீர் வழிந்தால் அணை நிற்றல் கூடும்; மண்கரையின்மேல் ஒரு முழ அகலத்துக்கு வழிந்தாலும் வெளிச்சரிவை அரித்துச் சில நாழிகையில் வாயாக்கிவிடும். இதற்காகவே நம் முன்னோர் கலிங்கு வைத்தனர். கலிங்கின் மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் உள்ள இடைவெளியே கரையின் உயிர். ஆனால் மழை நன்றாகப் பெய்த ஆண்டின் முடிவிலே, இன்னும் ஓரடி நீர் நிறுத்தினால் கோடைக்கு உதவுமே என்று கலிங்கின்மேல் நட்ட கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் புல்லும் அடைக்கும் வழக்கம் பழைய ஏரிகளில் உண்டு. பருவமழை ஓய்ந்தபின் அடைத்தால் அது சிக்கனம். அடுத்த மழைக்குமுன் எடுக்க மறந்தால் அது கொலை.

இம்மறதியின் பெரிய சான்று பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன். அங்கேயும் அணை மண்ணணை, உடையவர் தனியார், செல்வர்கள் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் கூடிய சங்கம். அவர்க்கு முன்பே அடிமதகின் இரும்புக்குழாய்களை எடுத்து ஒருவர் விற்றுவிட்டார். ஆகவே வேண்டும்பொழுது நீரை இறக்க வழியில்லை. வண்டி செல்வதற்காகக் கரையின் உச்சியைச் சங்கத்தார் தாழ்த்தினர். மீன் தப்பாதிருக்கக் கலிங்கின் வாயில் கம்பிவலை இட்டனர். 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் குப்பையும் கிளையும் வலையை அடைத்தன. நீர் கரைமேல் ஏறியது. 14 மைல் கீழே இருந்த நகரில் 2,209 பேர் மாண்டனர். சங்கத்தார் மீது தொடுத்த வழக்கு ஒன்றும் வெல்லவில்லை. மீன் சில தப்பாதிருந்தமைக்கு இத்துணை விலை.

புழையோட்டம் கண்ணுக்குப் புலனாகாதது, அதனாலேயே கொடியது. எந்த மண்கரையும் சிறிது கசியும். கசிவைக் கண்டவுடன் அஞ்சவேண்டுவதில்லை. கசியும் நீர் தெளிந்திருக்கின்றதா, கலங்கியிருக்கின்றதா என்பதே பார்க்கவேண்டுவது. தெளிந்த நீர் வெறுங்கசிவு. கலங்கல் நீரோ கரையின் மண்ணைத் துகள்துகளாக வெளியே சுமந்து வருவது. இன்று விரற்கடைப் புழை, நாளை ஆள் நுழையும் புழை. மதகின் கட்டடத்தை ஒட்டிய மண், நண்டுவளையும் எலிவளையும் உள்ள இடம், வெட்டிய மரத்தின் வேர் உளுத்த இடம் இவையே அதற்கு வாசல். கரையின்மேல் வேலமரம் வளர்ந்தால் உறுதி என்று எண்ணுவோர் பலர்; புல்லே உறுதி, மரம் அன்று. காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையும் பெயரும். இலங்கையின் கந்தளாய்க் குளம் பழைய அரசர் காலத்தது, பெரியது, 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலை இருளிலே அதன் கரை உடைந்து 120க்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றாண்டுகளாக நின்றது நாளையும் நிற்கும் என்பது ஏரி விஷயத்தில் செல்லாத வாதம்.

இனி, உடைந்தால் விடை சொல்லவேண்டியவர் யார்? பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்ற குழுவைக் குடவோலை முறையால் அமைத்தமையைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்தலுக்கு உரியர் அல்லர். வீராணத்தை அளித்த அதே வேந்தன் ஆட்சியில் ஏரியைக் காப்பதற்குப் பெயர்குறித்த மனிதர் இருந்தனர் என்பது எம் போன்ற தமிழ் மாணவர் பெருமைகொள்ளத்தக்க செய்தி. பெருமையோடு நின்றுவிடுகின்றோம் என்பது வேறு. பின்னர்க் குடிமராமத்து தளர்ந்தபொழுது, உடைப்பை அடைக்க ஊராரைக் கட்டாயமாக அழைக்க 1858இல் சென்னையில் ஒரு சட்டமே இயற்றினர்.

இதைவிடச் சுவையானது கார்வேட்டிநகரம் ஜமீன்தார் வழக்கு. பெருமழையில் அவருடைய ஜமீனில் இருந்த ஏரிகள் உடைந்து சென்னை இரயில்வேக் கம்பெனியாரின் பாலங்களையும் பாதையையும் அழித்தன. கம்பெனியார் நட்டஈடு கேட்டனர். அவர்க்கு வலிமையான துணை ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலைமுதலாளி கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து பிளெட்சர் என்பவரது சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில், தன் நலத்துக்காக அபாயமான பொருளைத் தன் நிலத்திற் சேர்த்தவன், தவறு செய்யாவிடினும், அது தப்பிச் சென்று விளைத்த கேட்டுக்குப் பொறுப்பாவான் என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்த்திருந்தது. ஆயினும் 1874இல் பிரிவி கவுன்சிலார் ஜமீன்தார் பக்கமே தீர்த்தனர். இந்நாட்டு ஏரிகள் பண்டுதொட்டு உள்ளவை. மக்கள் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை. அவற்றைத் தூர்த்துவிட ஜமீன்தார்க்கு உரிமையில்லை, பேணவே கடமை உண்டு. ஆகவே அவர் கவனக்குறைவு உடையவர் என்று மெய்ப்பித்தாலன்றி அவர் பொறுப்பாகார் என்றனர்.

இத்தீர்ப்பை யாம் பிழை என்று சொல்லத் துணியோம். ஊருக்குச் சோறிடும் ஏரியையும் ஆலைமுதலாளியின் தேக்கத்தையும் ஒரே தராசில் இடாமை அறிவுடைமையே. ஆனால் அத்தீர்ப்பின் நிழலில் இக்காலத் தனியார் கரைகளும் ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தல் தகாது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் ஜமீன் ஏரிகள் அரசுக்கு ஆயின. பெரிய ஆயக்கட்டு உடையவற்றைப் பொதுப்பணித்துறையும் அதன் வழிவந்த நீர்வளத்துறையும், சிறியவற்றை ஊராட்சி ஒன்றியங்களும் பார்த்து வருகின்றன. எஞ்சிய தனியார் கரைகள் பண்டுதொட்டு உள்ளவையும் அல்ல, ஊருக்கெல்லாம் சோறிடுவனவும் அல்ல. மீனுக்கும் தோட்டத்துக்கும் அழகுக்கும் உடையவர் தாமே விரும்பி எழுப்பியவை. கார்வேட்டிநகரத்து ஏரியைவிட அவை ரைலண்ட்ஸின் தேக்கத்துக்கே நெருங்கிய உறவின. 2018 மே 9ஆம் நாள் கென்யா நாட்டுச் சோலாய் என்னும் இடத்தில் ஒரு தனியார் பண்ணையின் மண்ணணை இரவிலே உடைந்து நாற்பதுக்கு மேற்பட்ட ஏழைகளை அடித்துச் சென்றதும் இவ்வகைக் கரையே.

சட்டம் கீழிறங்கி 10 மீட்டருக்குக் குறைந்த கரைகளையும் தொடும் நாள் வரலாம், வாராதிருக்கலாம். எதுவாயினும் உடையவர் ஒருவர் தாமாகச் செய்யக்கூடியது மிகச் சிறிது. செலவு ஒரு தாள். கிராமப்படத்தைப் பெற்று, தம் கரையினின்று நீர் இயல்பாக ஓடும் வழியைப் பென்சிலால் வரைந்து, அவ்வழியில் உள்ள வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் சாலையையும் எண்ணிக் குறித்தல் வேண்டும். எண்ணிக்கை சுழியமாயின் தாழ்ந்த வகுப்பு என்று தாமே எழுதிக்கொள்ளட்டும். ஒரு வீடேனும் இருப்பின், கரையின் உயரம், கலிங்கின் அகலம், மதகைத் திறப்பவர் பெயர், பெருமழை இரவில் கரையைச் சுற்றிப் பார்க்கப்போகின்றவர் பெயர், கலங்கல் நீர் கண்டால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பவற்றை அத்தாளின் பின்புறத்தில் எழுதிவைக்கலாம். ஐப்பசி பிறக்குமுன் அதன் படி ஒன்று ஓடையின் கடைசி வீட்டில் இருத்தல் வேண்டும். தெரிந்துகொள்ளவேண்டியவர் அங்கேதான் உறங்குகின்றனர்.